பெயர் சொல்லாமல் வந்த தண்ணீர்

ஐயா,

நீ பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் உட்கார்ந்து மைக்கில் பேசுவதை நான் ஒன்றுவிடாமல் கேட்கிறேன். காய் நறுக்கும்போது கேட்கிறேன், துணி மடிக்கும்போது கேட்கிறேன். உன்னைப் போனில் பிடிப்பது கடினம், நேரில் பிடிப்பது அதைவிடக் கடினம். ஆனால் உன் சேனலைத் திறந்தால் அங்கே எப்போதும் இருக்கிறாய். நீ ஊருக்கே கேட்கப் பேசுகிறாய் அல்லவா, நானும் ஊர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உன்னைக் கேட்கிற பிள்ளைகளில் பலர் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களின் பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும். ஆட்களின் பெயரையும் தெருவின் பெயரையும் மட்டும் எழுத மாட்டேன். கிள்ளானில் இப்படிப்பட்ட தாமான் குடியிருப்புகள் எத்தனையோ இருக்கின்றன. எது என்று உனக்குத் தெரியும், அது போதும்.

உன்னை வாயை மூடு என்று சொல்வதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. போலீஸ் காவலில் இறந்துபோன ஒரு பையனின் தாயை நீ பேச வைத்தாயே, அந்த அம்மா "என் பிள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டதை நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். அன்று உன்னைப் பெற்றதற்காகப் பெருமைப்பட்டேன். இங்கேயே பிறந்தும் அடையாள அட்டை இல்லாமல் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற பிள்ளைகளைப் பற்றி நீ பேசியதும் சரி. அப்படி நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கோயில் நிலத்தைப் பற்றி நீ சொல்வதிலும் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். நம் ஆட்கள் உழைத்த தோட்டத்தை விற்றவர்கள் வீட்டுமனையை அளந்தார்கள், சாலையை அளந்தார்கள், சாக்கடையைக்கூட அளந்தார்கள். சாமி நின்ற இடத்தை மட்டும் அளக்காமல் விட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வந்தவர்கள் கூரைத் தகடு கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நிலப்பட்டாவை யாரும் கொண்டுவரவில்லை. அந்தக் கோயிலை இன்று ஒருவன் போனில் படம் பிடித்து 'திருட்டு நிலத்துக் கோயில்' என்று போட்டால் உனக்குக் கோபம் வராமல் இருக்குமா? எனக்கே வந்தது.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. நேற்று ஒரு மரத்தடியில் கல்லை நட்டுவிட்டு, 'நூறு வருஷத்துக் கோயில்' என்று பலகை மாட்டுகிறவனும் நம்மிடையே இருக்கிறான். அவனைப் பற்றி நாம் வீட்டுக்குள் பேசிக்கொள்கிறோம், வெளியே பேசுவதில்லை. மலாய்க்காரர்கள் பக்கமும் அப்படித்தான். நம்மை வந்தேறி என்று கத்துகிறவனைப் பார்த்து அவர்களில் பலர் வீட்டுக்குள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள், வெளியே பேசுவதில்லை. கத்துகிறவர்கள் மட்டும் வெளியே இருக்கிறார்கள். இந்த நாடு உடைந்துபோகும் என்று எனக்குப் பயம் இல்லை. வீட்டுக்குள் நல்லதாகப் பேசுகிறவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திவிடுவார்களோ என்றுதான் பயம். அது எப்படி நடக்கும் என்பதை இந்த மாதம் நம் வாசலிலேயே பார்த்துவிட்டேன்.

உன்னைக் கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் வீட்டுக்கு எதிரே, தெருவின் கடைசி வீடு ஒரு மலாய்க்காரருடையது. துறைமுகத்தில் பளுதூக்கும் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். நீ மலாயில் மாமா என்பதுபோல் பாக் சிக் என்று கூப்பிட்டு வளர்ந்தாய், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் முனீஸ்வரர் கோயில். பட்டா இல்லாத நிலத்துக்குத் தண்ணீர் மீட்டர் கொடுக்க மாட்டார்கள். முன்பெல்லாம் திருவிழாவுக்குப் பெண்கள் தெருவைச் சுற்றி வாளியில் சுமந்தார்கள். ஒரு வருஷம் பாக் சிக் ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸ் ஒன்றைச் சுவருக்கு மேலே எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஹோஸ் சுவரிலேயே தொங்கியது, ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதில் தண்ணீர் வந்தது. யாரும் கேட்கப் போனதில்லை, அவரும் சொல்லி அனுப்பியதில்லை.

அதற்கு நம்மவர்கள் செய்த மரியாதை உனக்குத் தெரியும். பூசை தொடங்குவதற்கு முன்பே, சாமிக்குப் படைக்காத பழமும் உடைக்காத தேங்காயும் ஒரு தட்டில் தனியாக எடுத்து வைப்பார்கள். படைத்ததை அவர் சாப்பிடக்கூடாது, அவரைச் சங்கடப்படுத்தவும் கூடாது. ஒரு பெண்பிள்ளை அதை எடுத்துப்போய் அவர் மனைவி மாக் சிக்கிடம் கொடுத்துவிட்டு வருவாள். அவ்வளவுதான். கோயில் முகப்பில் உபயப் பலகை இருக்கிறது. பெயின்ட் கொடுத்தவர், மின்விசிறி கொடுத்தவர், பந்தல் போட்டவர் எல்லார் பெயரும் அதில் உண்டு. நீ இடைநிலைப் பள்ளியில் படித்தபோது அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சண்டைக்குப் போனாய். "வருஷா வருஷம் தண்ணி கொடுக்கிறவரு பேரு எங்கப்பா? மலாய்க்காரர்னா போட மாட்டீங்களா?" என்று கேட்டாய். அப்பா அப்போது கோயில் செயலாளர். பலகையைத் துடைத்துக்கொண்டே, "போடாம இருக்கிறதுதான்டா நாம அவருக்குச் செய்யிற உபயம்" என்றார். உனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. இரண்டு நாள் அவருடன் பேசாமல் இருந்தாய்.

போன மாதம் நீ அந்தப் பெயரைப் போட்டுவிட்டாய். பலகையில் எழுதியிருந்தால்கூட கோயிலுக்கு வருகிறவர்கள்தான் படித்திருப்பார்கள். நீ வீடியோவில் சொன்னாய். சுவரைக் காட்டினாய், ஹோஸைக் காட்டினாய், அவர் வீட்டு நீல நிறக் கேட்டையும் காட்டினாய். "இதுதான் உண்மையான மலேசியா! ஒரு ஹாஜி, நம்ம சாமிக்குத் தண்ணி கொடுக்கிறார். இவரைப் பார்த்துக் கத்துக்கோங்க!" என்றாய். உன் குரல் தழுதழுத்தது. நீ நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏனென்று தெரியாமலே வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்தேன்.

வகுப்பறையில் நின்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. பயிற்சிக் கல்லூரியில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். இரண்டு கோஷ்டியாகப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் வகுப்பில், இரண்டு பக்கமும் சேராத ஒருவன் இருப்பான். கீழே விழுந்தவனுக்கு அவன் பென்சிலை எடுத்துக் கொடுப்பான். புதிதாக வந்த டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இவனைப் பாருங்க, இவன்தான் நல்ல பிள்ளை" என்று அவனை எழுப்பி நிற்க வைப்பார். கைதட்டச் சொல்வார். எல்லாரும் கைதட்டுவார்கள். ஓய்வு நேரத்தில் அவன் சட்டை கிழிந்து வருவான். அடித்தது அவன் உதவிய பிள்ளையின் கோஷ்டியா என்று பார்த்தால், இல்லை. அவனுடைய சொந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். அதற்குப் பிறகு அவன் யாருக்கும் பென்சில் எடுத்துக் கொடுக்க மாட்டான். அனுபவம் உள்ள டீச்சர் அந்தப் பிள்ளையைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

உன் வீடியோவிலிருந்து ஒரு துண்டை யாரோ வெட்டி எடுத்தார்கள். ஹோஸும் கேட்டும் வரும் துண்டு. அதற்கு மலாயில் வேறு வாசகம் எழுதிப் போட்டார்கள். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு நாளில் நம் தெருவில் பழக்கமில்லாத மோட்டார் சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. யாரும் எதுவும் செய்யவில்லை. கடைசி வீடு வந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள், கேட்டைப் பார்ப்பார்கள், திரும்பிப் போவார்கள். சில சமயம் பின்னால் உட்கார்ந்திருப்பவன் போனைத் தூக்கிப் பிடிப்பான். ஒருவன் கல் எறிந்திருந்தால்கூட போலீசில் புகார் கொடுத்திருக்கலாம். வேகத்தைக் குறைத்ததற்கு என்ன புகார் கொடுப்பது?

பாக் சிக் தொழுகைக்குச் சூராவுக்கு, பக்கத்துச் சிறு பள்ளிவாசலுக்கு, போய்த் திரும்பும்போது முன்பெல்லாம் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டு மெதுவாக வருவார். இப்போது தனியாக, சீக்கிரமாக வருகிறார். அங்கே யாரும் அவரைத் திட்டவில்லையாம். இரண்டு பேர், "உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும், கவலைப்படாதீர்கள்" என்று கையைப் பிடித்துச் சொன்னார்களாம். ஆனால் தொழுகை முடிந்து தேநீருக்கு உட்காரும்போது அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கிறதாம். பிறகு ஒருநாள் காலையில் கோயில் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். லோரி ஓட்டிய மனிதர், எப்போதும் சத்தமாகப் பேசுவார். அன்று வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், ஹோஸைக் கழட்டிட்டாரு."

"திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கே, அப்புறம் மாட்டுவார்."

"இல்ல டீச்சர். நல்லா கழுவி, சுருட்டி, ராஃபியா கயிறு போட்டுக் கட்டி, நம்ம பக்கம் சுவரோரமா வச்சிட்டாரு. அவரு ஹோஸு அது. நமக்கே கொடுத்திட்டாரு."

போகத் திரும்பியவர், "தம்பி நல்லதாத்தான் பேசுச்சு. குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இத்தனை வருஷமா அந்த மனுசன் ஒரு வார்த்தை பேசல லா. இப்பவும் பேசல." என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் காலைப் பாசாரில் மாக் சிக்கைப் பார்த்தேன். மலாய்க்காரர்கள் ஆசிரியரை அழைக்கும் 'சிக்கு' என்ற சொல்லால்தான் அவர் என்னை எப்போதும் கூப்பிடுவார். தூரத்திலிருந்தே கூப்பிட்டுக் கையை ஆட்டுகிறவர். அன்று கத்திரிக்காய்க் குவியல் முன்னால் என் பக்கத்தில் வந்து நின்றார், என்னைப் பார்க்கவில்லை. நான் திரும்பினேன். மெதுவாக மலாயில் பேசினார்.

"சிக்கு, என்னைப் பாக்காதீங்க. கத்திரிக்காயைப் பாருங்க."

நான் கத்திரிக்காயைப் பார்த்தேன்.

"என் மூத்தவனை ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. 'உங்கப்பா ஏன் அப்படி செய்யிறாரு'ன்னு. சும்மாதான் கேட்டோம்னு சொன்னாங்களாம். அவன் வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கத்திட்டுப் போயிட்டான். பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரதில்ல."

"மன்னிச்சிடுங்க. என் மகன் உங்களைப் பெருமையாத்தான்…"

"தெரியும், சிக்கு. என் கையால சோறு சாப்பிட்ட பிள்ளை. நல்லவன். அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க." அவர் ஒரு கத்திரிக்காயை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "எங்களுக்கு நல்லது எதுவும் செய்ய வேணாம்னு சொல்லுங்க."

காய் எதுவும் வாங்காமல் போய்விட்டார். இதை உன்னிடம் சொல்லத்தான் போன் செய்தேன். நீ முழுக்கக் கேட்கவில்லை. "பாத்தீங்களா அம்மா, எவ்வளவு பயமுறுத்தி வச்சிருக்காங்க! இதுக்குத்தான் சொல்றேன், இப்ப நாம அவரை விட்டுட்டா அது துரோகம். பார்ட் டூ போடறேன். திருவிழா அன்னிக்கு பசங்களை வரச் சொல்றேன். அவரு வீட்டுக்கு நாங்க காவலா நிப்போம்" என்றாய். நான் வேண்டாம் என்றேன். "உங்க காலத்துல இப்படிப் பயந்து பயந்துதான் எல்லாத்தையும் விட்டீங்க" என்றாய். சரி ஐயா, நாங்கள் பலவற்றை விட்டோம். ஆனால் விட்டது எல்லாவற்றையும் பயம் என்ற ஒரே சொல்லில் அடைக்காதே. உன் அப்பா பலகையில் பெயர் எழுதாமல் விட்டது பயம் இல்லை. எதிர்வீட்டுக்காரருக்கு அவருடைய பக்கத்தில் ஒரு வாழ்க்கை இருக்கிறது, நாம் அதைக் கெடுத்துவிடக்கூடாது என்ற கவனம்.

மகனைப் பறிகொடுத்த அந்த அம்மா உன்னிடம் வந்தார், பேச வேண்டும் என்றார், நீ மைக்கைக் கொடுத்தாய். அது தர்மம். பாக் சிக் உன்னிடம் வந்தாரா? உன் மலேசியாவுக்கு உதாரணமாக நிற்கிறேன் என்று சொன்னாரா? கேட்டவருக்காகப் பேசுவதற்கும் கேட்காதவரைப் பேசுபொருளாக்குவதற்கும் நடுவில் உள்ள கோட்டை நீ பார்க்கவில்லை. இது உன் ஒருவனுடைய குறை இல்லை. இப்போது எல்லாருக்கும் ஒரு கருத்து வேண்டியிருக்கிறது. கருத்துக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது, முகத்துக்கு ஒரு முகவரி வேண்டியிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வருகிறவனும் படம் எடுக்கிறான், நீயும் படம் எடுக்கிறாய். அவன் வெறுப்பிலும் நீ அன்பிலும் எடுக்கிறாய். இரண்டு படத்திலும் தெரிவது ஒரே கேட்தான்.

நேற்று வரை இந்தக் கடிதத்தை இத்துடன் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நேற்று அந்தி சாயும் நேரத்தில் தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. திரும்பவும் அவர்கள்தான் என்று நினைத்து ஜன்னலோரம் நின்றேன். இறங்கியவர்கள் தமிழில் பேசினார்கள். எல்லாரும் கறுப்பு டீ-சட்டை. உன் சேனலின் பெயர் முதுகில் பெரிதாக இருந்தது. பாக் சிக் வீட்டு கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டார்கள். ஒருவன் போனை நீட்டி, "மக்களே, நாங்க இப்ப ஸ்பாட்ல இருக்கோம்" என்று ஆரம்பித்தான். வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் பேசத் தொடங்கியதும் அணைந்தது.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டினேன். "தம்பிங்களா, போயிடுங்க. இங்க நிக்காதீங்க" என்றேன்.

"பயப்படாதீங்க ஆன்டி, நாங்க அங்கிளுக்கு சப்போர்ட்டா வந்திருக்கோம். அண்ணன் சொல்லித்தான் வந்தோம்."

"எந்த அண்ணன்?"

உன் பெயரைச் சொன்னார்கள். "அவன் அம்மா நான்தான். நான் சொல்றேன், போங்க" என்றேன். அந்த வார்த்தை போதும் என்று நினைத்தேன். வகுப்பில் ஒரு காலத்தில் என் குரலுக்குக் கட்டுப்படாத பிள்ளை கிடையாது. அவர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அண்ணனோட அம்மாவா! டேய், அம்மாடா!" என்று நாலு பக்கமும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மரியாதையான பிள்ளைகள், ஒருவன் காலைக்கூடத் தொட்டுக் கும்பிட்டான். நான் "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் எடுத்துவிட்டார்கள். "அழிச்சிடுப்பா" என்றேன். "போட்டாச்சு ஆன்டி. சூப்பரா வந்திருக்கு" என்றான். அதற்குப் பிறகுதான் வேனில் ஏறிப் போனார்கள், திருவிழாவுக்கு இன்னும் நிறையப் பேருடன் வருவதாகச் சொல்லிவிட்டு.

நீ இந்நேரம் அந்தப் படத்தைப் பார்த்திருப்பாய். 'தாயும் களத்தில்' என்று எழுதியிருக்கிறார்களாம். என் வாய் திறந்திருக்கிறது, கை உயர்ந்திருக்கிறது. போகச் சொல்லிக் கெஞ்சுகிற கை, கோஷம் போடுகிற கை மாதிரி இருக்கிறது. என்னைப் பார்க்காதே. எனக்குப் பின்னால், கேட்டுக்கு மேலே இருக்கும் ஜன்னலைப் பெரிதாக்கிப் பார். திரையைப் பிடித்தபடி மாக் சிக் நிற்கிறார். பாசாரில் என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொன்ன கண்கள் அதில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எந்தத் தெருவிலும் என் குரலுக்கு இனி மதிப்பில்லை என்று நேற்றே தெரிந்துகொண்டேன். அந்தப் பிள்ளைகள் உன் ஒருவன் சொல்லைத்தான் கேட்பார்கள். வர வேண்டாம் என்று அவர்களிடம் சொல். வீடியோவாகச் சொல்லாதே, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல். முதல் வீடியோவை எடுத்துவிடு. ஏன் எடுத்தாய் என்று விளக்கம் போடாதே. உன்னைக் கோழை என்பார்கள், விலைபோய்விட்டான் என்பார்கள். சொல்லட்டும், தாங்கிக்கொள். அந்த மனிதர் இப்போது தாங்கிக்கொண்டிருப்பதில் அது கால்வாசிகூட இல்லை. சாமிக்கு வேண்டிய தண்ணீரை இந்த வருஷம் நாங்கள் வாளியில் சுமந்துகொள்கிறோம்.

நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து கடிகாரம் வைத்து எழுந்ததில்லை. விடியற்காலைத் தொழுகைக்காகப் பாக் சிக் கேட்டின் தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்கும், எழுந்துவிடுவேன். இன்று நான் கண் விழித்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது.

அம்மா